குளத்துக்கு முதுகு காட்டி

வங்காளத்தில், பெஹாலாவில் எங்கள் குடியிருப்புக்குள் ஒரு குளம் இருந்தது. தண்ணீர் பச்சை. பிள்ளைகள் இறங்கினால் தோளுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கரையில் நிற்பவர்களுக்குத் தலைதான் கணக்கு. தலை தெரிந்தால் பிள்ளை இருக்கிறது. தெரியாவிட்டால் என்ன என்பதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைக்காத நாளும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் குளத்தில் ஒரு நீச்சல் குழு இருந்தது. எட்டுப் பிள்ளைகள். என் மகள் அதில் ஒருத்தி, பன்னிரண்டு வயது. நான் கிடர்பூரில் துறைமுகக் கணக்குப் பிரிவில் இருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் தினமும் வருகிறவன், எதையும் எண்ணாமல் விடாதவன் என்பதால் மற்ற பெற்றோர்கள் ஊதலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். நான் ஊதினால் தண்ணீரில் இருக்கும் எல்லாரும் தலையைத் தூக்க வேண்டும். எட்டும் சரியாக இருந்தால் மறுபடி நீந்தலாம். இதுதான் எங்கள் ஏற்பாடு.

ஊதலோடு முடியாது. படித்துறையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் "மாத்தா தோலோ, மாத்தா தோலோ" என்று வங்காளத்தில் கத்துவார்கள். "தலையைத் தூக்குடி" என்று நான் தமிழில் கத்துவேன். லக்னோக்காரர் ஒருவர் இந்தியில் அதையே சொல்வார். பாவம், பிள்ளைகள் மூன்று பாஷையிலும் தலையைத் தூக்கினார்கள்.

சீசன் தொடக்கத்தில் ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் ஒரு தகுதிச் சுற்று நடக்கும். குழுவாகப் பதிவு செய்ய எட்டுப் பேர் வேண்டும். எட்டுப் பேருமே போகவர இரண்டு நீளத்தைக் குறித்த நேரத்துக்குள் நீந்தி முடிக்க வேண்டும். ஒருவர் நேரத்தைத் தவறவிட்டாலும் அந்த வருஷம் குழு கிடையாது. முந்தைய வருஷம் எங்களில் மூவர் நேரத்தைத் தவறவிட்டார்கள். அந்த மூவரில் கடைசியாக வந்தவள் என் மகள். அந்தச் சீசன் முழுக்க மற்ற குழுக்கள் போட்டிக்குப் போக, எங்கள் பிள்ளைகள் குளத்தில் சும்மா மிதந்தார்கள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மாடிப்படியில் எதிரே யாராவது வந்தால் சுவரோடு ஒட்டி நடக்க ஆரம்பித்தாள்.

குளிர்காலத்தில் குளத்தை மூடிவிடுவார்கள். பங்குனியில் திறந்தபோது ஒரு புதுப் பயிற்சியாளரைப் பிடித்து வந்திருந்தோம். ரயில்வேயில் வேலை பார்க்கும் இளம்பெண். ஆபீஸுக்குப் போகும் முன் எங்களிடம் வருவாள். பிள்ளைகளுக்கு அவள் தீதி, அதாவது அக்கா. எங்களுக்கும் அப்படியே ஆகிவிட்டாள்.

முதல் நாள் அவள் எதையும் கற்றுத்தரவில்லை. பிள்ளைகளை நீந்தச் சொல்லிவிட்டுக் கடைசிப் படியில் நின்று பார்த்தாள். நான் வழக்கம்போல ஊதினேன். எட்டுத் தலைகள் எழுந்தன. எண்ணினேன். மறுபடி ஊதினேன்.

"இவங்க எல்லாம் யாரைத் தேடறாங்க?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லையே."

"பின்னே ஏன் காக்கு, இத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டவங்க மாதிரி பார்க்கறாங்க?"

அவளுக்கு நான் காக்கு, அதாவது சித்தப்பா. மரியாதையாகக் கூப்பிட்டே வையும் கலை அவளுக்குத் தெரியும். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும், பிறகு நீந்துவது தண்ணீரில் மாடிப்படி ஏறுவதுபோல என்று விளக்கினாள். முகம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், மூச்சு வாங்க மட்டும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். ஊதல் இருக்கும் வரை அது நடக்காது.

"உங்க ஊதல் நல்லா வேலை செய்யுது. பிள்ளைங்க கரையைப் பார்த்துத்தான் நீந்தறாங்க."

அவள் ஊதலைப் பிடுங்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தாள். மறுநாள் படித்துறையில் இருந்த நாற்காலிகளையெல்லாம் திருப்பிப் போட்டாள். பெற்றோர்கள் வரலாம், உட்காரலாம், டீ குடிக்கலாம். ஆனால் குளத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். எங்கள் எதிரே தண்ணீர்த் தொட்டியும், அதன்மேல் காயப்போட்ட யாரோ ஒருவரின் போர்வையும் இருந்தன.

இரண்டாவது மாடி பௌதி, எங்கள் எல்லாருக்கும் அண்ணி, எழுந்துவிட்டாள். குழுவிலேயே சின்னவன், ஒன்பது வயதுக்காரன், அவள் மகன். "பெத்தவ பார்க்கக் கூடாதுன்னா இது என்ன நீச்சலா, ஆபரேஷனா? என் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவன் போனால் ஏழு. ஏழு பேருக்குக் குழு கிடையாது. தீதி என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளுக்குள் நான் முழுக்கப் பௌதி பக்கம். அவளோடு சேர்ந்து என் மகளையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடத் தோன்றியது. ஆனால் என் மகள் படியில் காலை நனைத்தபடி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பௌதி, தீதி தண்ணியிலேயே இருப்பா. கூட ரெண்டு பெரிய பையன்கள், லாரி டியூபோட. போன வருஷம் இந்தப் பாதுகாப்புகூட இல்லை. நாம கத்தினது மட்டும்தான் இருந்தது" என்றேன்.

"கத்தினதுதான் காப்பாத்துச்சு!"

"காப்பாத்துச்சு. ஜெயிக்க விடலை."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. பௌதி உட்கார்ந்தாள். "முதல்ல நீங்க திரும்பி உட்காருங்க, பார்ப்போம்" என்றாள். உட்கார்ந்தேன். பின்னங்கழுத்து கூசியது.

எங்களுக்காக தீதி ஒரு சலுகை கொடுத்தாள். எதிர்க்கரையில் நட்டிருந்த மூங்கிலைத் தொட்டதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏக், துய், தீன் என்று குரல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வரும். என் மகள் ஐந்தாவது. நாலாவது குரலுக்கும் ஐந்தாவது குரலுக்கும் நடுவே டீ ஆறிவிடும்.

பிள்ளைகளை முகம் புதைக்க வைத்தது அறிவுரை அல்ல. தீதி அறிவுரையே சொல்லவில்லை. தண்ணீருக்குள் முகத்தை வைத்து ஒரு பாட்டை முனகிக்கொண்டே நீந்த வேண்டும். பக்கத்தில் வருகிறவன் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அவனுக்குப் புள்ளி, முடியாவிட்டால் முனகியவளுக்கு. முனகினால் மூச்சு தானாக வெளியே போகும், தலையைத் தூக்கினால் முனகல் நின்றுவிடும், அவ்வளவுதான் அதில் உள்ள தந்திரம். காலையில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று படியிலேயே நின்றவர்கள், புள்ளிக்காக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள்.

என் மகள் தமிழ்ப் பாட்டாக முனகினாள். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பௌதி மகன் கரையேறி வந்து என்னிடம் முறையிட்டான்.

"காக்கு, இது சீட்டிங். அவ உங்க ஊர்ப் பாட்டுப் பாடறா."

"நீயும் தமிழ் கத்துக்கோயேண்டா."

"நீச்சலே இன்னும் வரலை!"

வீட்டிலும் பயிற்சி நடந்தது. குளியலறையில் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, என் மகள் மண்டியிட்டு முகத்தை அதற்குள் வைப்பாள். குமிழி வரும். நான் கதவருகே நின்று எண்ணுவேன். முப்பதைத் தாண்டினால் கதவைத் தட்டுவேன்.

"போதும், எழுந்திரு."

முகத்தைத் தூக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தொட்டியில யாராவது மூழ்குவாங்களாப்பா?" என்பாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "அவர் டம்ளர்ல மூழ்குவாங்களான்னு யோசிக்கிறவர். நீ உன் வேலையைப் பாரு" என்பாள்.

ஒரு நாள் ஐந்தாவது குரல் வரவில்லை. நாலு கேட்டது. பிறகு ஆறு கேட்டது. நான் திரும்பிவிட்டேன். நாற்காலி சாய்ந்தது. தண்ணீரில் ஏழு பிள்ளைகளின் தலைகள். இன்னொரு கணம் கழித்துத்தான் தீதியின் தோளில் சாய்ந்திருந்த எட்டாவது தலை தெரிந்தது. என் மகள் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஆபீஸில் ஒரே கூட்டலை நாலு முறை போட்டேன், நாலும் வேறு வேறு விடை.

அன்று சாயங்காலம் அவளிடம், "வேணாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கணக்கு எனக்குப் புரியும் என்று நினைத்தாளோ என்னவோ, "நான் நின்னா ஏழு பேர்தான்பா" என்றாள். பிறகு, "போன வருஷமும் என்னாலதான் போச்சு" என்றாள். வேறு இருவரும் தவறினார்களே என்று நான் ஆரம்பிப்பதற்குள் டப்பைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு வேண்டாம் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை.

தகுதிச் சுற்றன்று காலை இரண்டு பஸ் மாறி சால்ட் லேக் போனோம். அங்கே இருப்பது நீல ஓடு பதித்த நீச்சல் குளம். அடிவரை தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இங்கே மூழ்கினால் அதையும் தெளிவாகப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் தோன்றியது. எங்களைக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இங்கே யாரும் முதுகு காட்டி உட்காரச் சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று தீதி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கியிருந்தாள். என்னிடம் இரண்டு முறை.

ஒவ்வொருவராகத் தேறினார்கள். பௌதி மகன் கைகளை விசிறியடித்துக்கொண்டு, ஆனால் முகத்தைத் தூக்காமல், நேரத்துக்குள் வந்துவிட்டான். பௌதி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். ஏழு பேர் முடித்தாயிற்று. கடைசிச் சுற்றில் என் மகள்.

முதல் நீளம் நன்றாகப் போனாள். திரும்பினாள். பாதியில் அவள் முகம் உள்ளே போனது, மூச்சுக்குத் திரும்பும் என்று நான் எதிர்பார்த்த இடத்தில் திரும்பவில்லை. அடுத்த கை வீச்சிலும் திரும்பவில்லை. முடி மட்டும் தண்ணீர்மேல் கறுப்பாகத் தெரிந்தது. தீதியிடம் செய்த சத்தியம், எட்டுப் பேர் கணக்கு, போன வருஷம், எதுவும் நினைவில் இல்லை.

"தலையைத் தூக்குடி!"

அந்த இடம் முழுக்க என் குரல் எதிரொலித்தது. தடுப்பருகே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பௌதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷமாக அந்தக் குரலுக்குத் தலையைத் தூக்கிப் பழகியவள். இப்போது தூக்குவாள், கால் கீழே போகும், எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் சுவரைத் தொட்டிருந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். தீதி குளத்தோரமாகவே ஓடிப் போய் அதை எட்டிப் பார்த்தாள். திரும்பி எங்களை நோக்கி இரண்டு கையையும் தூக்கினாள். எட்டுப் பேரும் தேறியாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் பின் இருக்கைகளில் கத்திக்கொண்டு வந்தார்கள். என் மகள் மட்டும் முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலை இன்னும் ஈரம். துண்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"நான் கூப்பிட்டது காதில விழலையா?"

"விழுந்துச்சே."

"பின்னே?"

"அதனாலதான்பா வேகமாப் போனேன். நீங்க குதிச்சிடுவீங்களோன்னு பயம். உங்களுக்குத்தான் நீந்தத் தெரியாதே."

"நான் நின்ன இடத்திலதான் நின்னேன். எதுக்குக் குதிக்கப் போறேன்?"

"தொட்டுட்டுத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியையும் செருப்பையும் கழட்டிப் பௌதி கையில கொடுத்துட்டு நிக்கிறீங்க."

முன் இருக்கையிலிருந்து பௌதி திரும்பாமலே தலையாட்டினாள்.