விதவை தெபூரின் நீலச் சட்டை

பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் ஒயின் போத்தல் மேல் முதலில் தன் பெயரை ஒட்டியவர்களில் எலியனோர் தெபூரும் ஒருத்தி. பெயர் என்றால் முழுப் பெயர் இல்லை. 'விதவை தெபூர்' என்று இரண்டு சொல். அந்த முதல் சொல்தான் அவளுடைய மூலதனம்.

அந்தக் காலத்தில் கல்யாணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் ஒரு பீப்பாயைக்கூட விற்க முடியாது, விதவை விற்கலாம். இப்படி ஒரு சட்டம் எழுதியவன் ஒரு நாளாவது திராட்சைக்கூடை சுமந்திருப்பானா? எலியனோருக்குத் தாய் சீதனமாகக் கொடுத்த தோட்டத்தை அவள் புருஷன் ஒரே கையெழுத்தில் விற்றுச் சூதாடித் தீர்த்தான். பிறகு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். இருபத்தேழு வயதில் விதவைக்குரிய கறுப்பு உடுத்திக்கொண்டு, மிஞ்சியிருந்த ஒயின் நிலவறையை அவள் கையில் எடுத்தாள். அதே கறுப்போடு லண்டன் வரைக்கும் சரக்கு அனுப்பினாள்.

நிலவறை மேஸ்திரி பாசில். இளைஞனில்லை, அழகனுமில்லை. ஒவ்வோர் அறுவடை முடிந்ததும் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"மதாம், இந்த வருஷமாவது என்னைக் கட்டிக்குவீங்களா?"

"கட்டிக்கிட்டா கம்பெனி உன் கைக்குப் போயிடும்டா."

"எனக்குப் பேனா பிடிக்கவே தெரியாதே. நான் எங்க கையெழுத்துப் போடுறது?"

"ஒரு கீறல் போதும் சட்டக்காரங்களுக்கு. அடுத்த அறுவடைக்குப் பாக்கலாம்."

போத்தல் கழுவும் பெரின் இதைக் கேட்டுச் சிரிப்பாள். "மதாம் கறுப்பை விட்டா போத்தல்ல ஒட்டின சீட்டையெல்லாம் கிழிக்கணுமே! நீ காத்திருந்து கிழவனாகு!"

அவன் நல்லவன் என்று எலியனோருக்குத் தெரியும். ஆனால் சூடு கண்ட பூனை அவள். எட்டு அறுவடை இப்படியே போயிற்று.

ஒன்பதாம் அறுவடையில் பாசில் கேட்கவில்லை. கணக்காகக் கூடைகளை அடுக்கிவைத்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணங்கிப் போய்விட்டான். அந்தக் கேள்விக்காகத் தான் காத்திருந்தது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. குளிர்காலம் முழுக்க யோசித்தாள். கடைசியில் ரெய்ம்ஸ் நகரத் தையல்காரியிடம் ஒரு நீலச் சட்டை தைக்கக் கொடுத்தாள்.

சட்டை வந்தது ஏப்ரலில். ஏப்ரல் பொல்லாத மாதம். வெயில் ஏற ஏற போத்தலுக்குள் ஒயின் பொங்கும், கண்ணாடி வெடித்துச் சிதறும். இரும்புக்கம்பி முகமூடி மாட்டாமல் யாரும் கீழே இறங்க மாட்டார்கள். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளே எலியனோர்தான். ஆனால் அன்று நீலச் சட்டையோடு, பொறுமை இல்லாமல், வெறும் முகத்தோடு படியிறங்கினாள்.

பாசில் விளக்கைத் தூக்கிப் பார்த்துத் திகைத்தான். "யாரு இது? மதாமா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்று தன் முகமூடியைக் கழற்றி அவள் முகத்தில் மாட்டினான். "முதல்ல இதை மாட்டுங்க. பேச்சு அப்புறம்."

"போன அறுவடைக்கு நீ கேக்கல பாசில். அதனால நான் கேக்கறேன்."

அவன் பதில் சொல்ல வாய் திறந்தான். பக்கத்து அடுக்கில் ஒரு போத்தல் வெடித்தது. அதன் அதிர்வில் வரிசையாக இன்னும் சில. கண்ணாடி அவன் கழுத்தைக் கிழித்தது. அவள் கைகளால் பொத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை. வைத்தியர் வருவதற்குள் அவன் போய்விட்டான்.

என்ன சொல்ல வந்தான்? அந்தக் கேள்வி அவளைச் சாகும்வரை அரித்தது. ஒன்பது அறுவடை காக்கவைத்தவளுக்கு ஒரு நொடி கிடைக்கவில்லை.

நீலச் சட்டை துணிப்பெட்டிக்குள் போயிற்று. மறுநாள் அடக்கத்துக்குப் பழைய கறுப்பிலேயே போனாள். பாசிலின் அக்காவின் கையைப் பிடித்து எல்லோரும் அழுதார்கள். எலியனோரிடம் யாரும் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. முதலாளியம்மா வேலைக்காரனுக்காக வந்திருக்கிறாள், பெரிய மனசு என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

கோடையில் லண்டன் வியாபாரி வந்தார். ஒயினைச் சுவைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் ஆகியும் புருஷனுக்காகக் கறுப்பை விடலியே மதாம்! அவர் கொடுத்து வெச்சவர்."

போத்தல் கழுவிக்கொண்டிருந்த பெரினின் கை நின்றது.

"ஆமாம் முசியே," என்றாள் எலியனோர். "என் புருஷனுக்காகத்தான்."