ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை

பகல் பன்னிரண்டரை மணிக்குக் கருப்பை வாய் முழுவதும் திறந்துவிட்டதாக நர்ஸ் சொன்னார். இனி வலி வரும்போது முக்கினால் போதும் என்றார். ஒன்றரை மணி நேரம் முக்கினேன். ஒவ்வொரு முறையும் தலை கொஞ்சம் தெரிந்தது. வலி நின்றதும் உள்ளே போய்விட்டது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். இது தலைப்பிரசவம். வலி எப்படி இருக்கும் என்று உடன் வேலை செய்யும் பெண்கள் நிறையவே சொல்லியிருந்தார்கள். அவ்வளவு வலித்தும் குழந்தை வராமல் பாதியில் நிற்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படி நின்றால் என்ன நடக்கும் என்பதை, இனி பிரசவக் கட்டிலில் படுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் வயிற்றில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு அதன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணி வாக்கில் அந்தச் சத்தம் மெதுவானது. நர்ஸ் என்னை இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வேகமாக வெளியே போனார்.

வந்த மருத்துவர் பெண். நாற்பது வயது இருக்கும். பரிசோதித்துவிட்டு, அறுவை அரங்கில் இன்னொரு பெண்ணுக்கு ஆபரேஷன் நடக்கிறது, அது முடியும்வரை குழந்தை தாங்காது என்றார். அரங்கு காலியாக இருந்தாலும், இவ்வளவு கீழே இறங்கிவிட்ட தலையை மறுபடி மேலே தள்ளி வயிற்று வழியாக எடுப்பது இருவருக்குமே சிரமம் என்றார். வேக்யூம் (குழந்தையின் தலையில் சிறு கிண்ணத்தை உறிஞ்சிப் பிடிக்கவைத்து, தாய் முக்கும்போது கூடவே இழுக்கும் முறை) போடலாம் என்றார்.

துணைக்கு என் அம்மா நின்றிருந்தார். அம்மாவின் ஊர் ஆலங்காயம். அவர் தெருவில் வலது கை விளங்காத ஒருவர் இருக்கிறார். ஆயுதம் போட்டு எடுத்ததால்தான் அப்படி ஆனது என்பது அந்தத் தெருவின் பேச்சு.

"ஆயுதம்லாம் வேணா மேடம். லேட்டானாலும் வயித்த கீறியே எடுத்துடுங்க," என்றார் அம்மா.

வெளியே இருந்த என் கணவர் பிரபுவைக் கூப்பிட்டார்கள். அவர் அம்மாவையும் மருத்துவரையும் மாறி மாறிப் பார்த்தார். சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மருத்துவர் என் பக்கம் குனிந்தார்.

"நீ சொல்லு செல்வி. போடட்டுமா?"

"கொழந்தைக்கு இன்னா ஆவும் மேடம்?"

"தலைல வீக்கம் வரும். தானா வடிஞ்சிடும். மஞ்சக்காமாலை கொஞ்சம் ஜாஸ்தியா வரலாம். உனக்குக் கிழியலாம். மூணு தடவ இழுத்துப் பாப்பேன். எறங்கி வரலன்னா நிறுத்திடுவேன்."

நிறுத்திவிடுவேன் என்று அவர் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. போடுங்க என்றேன். பிரபு கையெழுத்துப் போட்டார். அம்மா என் கையை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

முதல் முறை இழுத்தபோது கிண்ணம் கழன்றுகொண்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மருத்துவர் அதை மறுபடி பொருத்தினார். இரண்டாம் முறை தலை முன்னால் வந்து அங்கேயே நின்றது. மூன்றாவது வலியில், உடம்பு இரண்டாகப் பிளக்கிறது என்று நினைத்த நேரத்தில், மகள் பிறந்தாள். உடனே அழவில்லை. நர்ஸ் அவளைத் துணியால் அழுத்தித் துடைத்தார். அதன் பிறகு அழுதாள்.

எனக்கு மூன்றாம் நிலைக் கிழிசல் (மலவாயைச் சுற்றியுள்ள தசைவரை கிழிதல்). நெடுநேரம் தைத்தார்கள்.

குழந்தையின் உச்சந்தலையில் வட்டமான வீக்கம் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் அம்மா தொப்பி போட்டு மறைத்தார். மூன்றாம் நாள் மஞ்சள் கூடி, இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். பிறகு மஞ்சள் இறங்கியது. வீக்கம் அதற்கு முன்பே வடிந்திருந்தது.

மருத்துவர் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். நம் ஊரைப் போன்ற ஊர்களில் பல ஆஸ்பத்திரிகளில் இந்தக் கருவி அலமாரியில் இருக்கிறதாம். போட்டுப் பழகிய கை இல்லையாம். அரங்கு காலியாக இருந்தால் நேராக ஆபரேஷன், இல்லாவிட்டால் ஆம்புலன்ஸில் வேலூருக்கு. அன்று அவருக்கு விடுமுறையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்துச் சொல்லப்போவதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என்னால் காற்றை அடக்க முடியவில்லை. சில நாட்கள் மலத்தையும். ஒரு நாளில் நான்கு முறை புடவை மாற்றினேன். ஆறாவது வாரப் பரிசோதனையில், கட்டுப்பாடு இருக்கிறதா என்று மருத்துவர் நேராகவே கேட்டார். இருக்கிறது என்று பொய் சொன்னேன். பிரபு பக்கத்தில் இருந்தார்.

மூன்றாம் மாதம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இடுப்புத்தளப் பயிற்சி (சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) சொல்லிக்கொடுக்க ஒருவரிடம் அனுப்பினார். ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்தேன். முதலில் எதை இறுக்குகிறேன் என்றே தெரியவில்லை. பயிற்சி தொடங்கிய இரண்டாம் மாதத்தில்தான் அந்தத் தசை எனக்குப் பிடிபட்டது. அதன் பிறகு கட்டுப்பாடு மெல்லத் திரும்பியது. வெட்கப்பட்டு மறைத்த வாரங்கள் வீணான வாரங்கள். உங்களுக்கும் இப்படி இருந்தால் முதல் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு காலமும் அம்மா குழந்தையின் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தார். கிலுகிலுப்பையை வலது பக்கம் காட்டுவார், பிறகு இடது பக்கம். ஏழாம் மாதம் ஒரு மதியம், சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு கையாலயும் நல்லா புடிக்கறாடி," என்றார். பிறகு உட்கார்ந்து அழுதார்.

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். மெஷினில் ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்தால் தையல் போட்ட இடம் இறுகும்; எழுந்து நடப்பேன். மகளின் முதல் பிறந்தநாளுக்கு முன்பு கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது, கிண்ணம் வைத்ததிலிருந்து குழந்தை பிறந்தது வரை எவ்வளவு நேரம் என்று கேட்டேன். மருத்துவர் பழைய தாளைப் புரட்டிப் பார்த்து, பதினோரு நிமிடம் என்றார். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பதினோரு நிமிடத்திலிருந்து வெளியே வர என் உடம்புக்கு ஒரு வருடம் ஆனது. வலி இப்போது இல்லை. ஆனாலும் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் இடது பக்கம் சாய்ந்து, மெதுவாகத்தான் முழு எடையையும் இறக்குகிறேன்.