ரூல்ஃபீன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

எழுபத்திரண்டு வயதில் வுப்போ டைக்கமாவுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. தன் ரத்தத்தில் உயிரோடு இருக்கிற ஒரு ஆளையாவது எதிரே உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. நமக்கு யாரும் கிடையாது என்று அப்பா ஹார்ம் சொல்வார். அதற்கு மேல் கேட்டால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். போன பிறந்தநாளுக்கு வுப்போ கேக் வாங்கி, காபி போட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனார். மிச்சக் கேக்கை நான்கு நாள் தனியாகத் தின்றார்.

அறுபத்தொரு வயதில் மாவு ஆலையில் ஓய்வு கொடுத்த மறு வாரமே குரோனிங்கன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்ததும் இந்த ஆசையால்தான். நகரசபைத் திருமணப் பதிவேட்டில் எல்லாம் இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் யார் பிள்ளைகள், என்ன வயது, என்ன தொழில், பெற்றோர் இருக்கிறார்களா போய்விட்டார்களா, சம்மதம் சொன்னார்களா, சாட்சி யார், அத்தனையும் ஒரே பக்கத்தில். ஒரு கல்யாணத்தைப் பிடித்தால் அதற்கு முந்தைய இரண்டு கல்யாணங்களுக்கு வழி தெரியும். பதினோரு வருடத்தில், பதிவேடு தொடங்கிய 1811 வரை பின்னோக்கி ஏறிவிட்டார். செத்தவர்கள் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். உயிரோடு ஒருவர்கூடச் சிக்கவில்லை. அப்பாவுக்கு ரூல்ஃபீன் என்று ஒரு தங்கை இருந்திருக்கிறாள். 1919இல் பிறந்து, பதினோரு மாதத்தில் இறந்த பதிவு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டார்.

இத்தனைக்கும் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. காப்பகத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் பிடித்து வைத்துப் பாடம் நடத்துவார். அந்தக் காலத்தில் ஒரு குழந்தை போய்விட்டால் அடுத்ததற்கும் அதே பெயரைத்தான் வைப்பார்கள், முன்னோர் பெயர் விட்டுப்போகக் கூடாதே. "ஒரு பிள்ளைய புதைக்கறதுக்கு முன்னாடி அடுத்த பிள்ளைய பாருங்க" என்று எல்லோருக்கும் சொல்வார். காப்பகத்து ஊழியர் இனேகா, "வாத்தியார் ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரிப்பாள்.

பிறப்புப் பதிவுகளை நூறு வருடமும் கல்யாணப் பதிவுகளை எழுபத்தைந்து வருடமும் பூட்டி வைத்திருப்பார்கள். ஜனவரிக்கு ஜனவரி ஒரு வருடத்துக் கல்யாணக் கட்டு திறக்கும். 2017 ஜனவரியில் 1941 திறந்தது. வுப்போ கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். ரூல்ஃபீன் டைக்கமா என்று ஒரு மணமகள் இருந்தாள். இது வேறு யாரோ, நம்முடையவள்தான் குழந்தையிலேயே போய்விட்டாளே என்று அடுத்த வரிக்கு நகர்ந்துவிட்டார். ஊருக்குச் சொன்ன பாடம் சொன்னவருக்கு மட்டும் ஏறவில்லை.

இரண்டு வருடம் கழித்து, கோப்மன்ஸ் என்ற ஒரு அம்மாள் தன் பெரியப்பாவின் கல்யாணப் பதிவோடு வந்தாள். கையெழுத்துப் புரியவில்லையாம். வுப்போ மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். மணமகள் ரூல்ஃபீன் டைக்கமா, வயது இருபது. தந்தை தாம்மே டைக்கமா, காலமானவர். தாய் ஆல்ட்யே போல்ட். அதோடு குரல் நின்றுவிட்டது. தன் தாத்தா பாட்டியின் பெயர் அவருக்குத் தெரியாதா?

பதிவோடு சேர்த்துக் கட்டிய காகிதங்களில் பிறப்புச் சான்றும் இருந்தது. முதல் ரூல்ஃபீன் செத்த மறு வருடம் பிறந்தவள். சாட்சிகள் இருவருமே நகரசபைக் குமாஸ்தாக்கள். சொந்தத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்காத கல்யாணத்தில்தான் குமாஸ்தாக்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். வுப்போ அந்த அம்மாளிடம், இவர்கள் இப்போது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"பெரியம்மாவா? போன அக்டோபர்ல போயிட்டாங்க. தொண்ணூத்தேழு வயசு. பொண்ணு தேயா டெர் ஆப்பல்ல இருக்கா."

டெர் ஆப்பல் அவர் வீட்டிலிருந்து பேருந்தில் நாற்பது நிமிடம். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

தொலைபேசியில் தேயா மரியாதையாகப் பேசினாள். நாட்குறிப்பைப் புரட்டி, மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை பத்தரைக்குக் காபிக்கு வரச் சொன்னாள். வுப்போ பூக்கொத்தோடு போனார். கதவைத் திறந்தவளுக்கு எழுபது வயது இருக்கும், தாடை அப்படியே அப்பாவினுடையது. வுப்போ பூக்கொத்தை நீட்டினார்.

தேயா காபியை ஊற்றிக்கொண்டே பழைய கதையைச் சொன்னாள். புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்த அம்மா ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் ஹார்ம், எனக்குத் தங்கையே கிடையாது, செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். இனி என் வாசல்படி ஏறாதே என்றும் சொன்னார். அம்மா கடைசி வரை அதை மீறவில்லை.

"அவங்களுக்குக் கோபமே இல்ல. அண்ணனுக்கு ஒரு பையன் இருக்கான், அவனாவது ஒருநாள் வருவான்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. முதியோர் இல்லத்துல இருந்த கடைசி ரெண்டு வருஷம், யார் கதவத் தட்டினாலும் ஹார்ம் பையனான்னுதான் கேப்பாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்குத்தான் தெரியாதே."

தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? வுப்போவால் முடியவில்லை.

"அந்தப் பேர நான் ரெண்டு வருஷம் முன்னாடியே பாத்துட்டேன். பக்கத்தத்தான் திறக்கல. எங்கப்பா வாயால சொன்னத நான் பென்சிலால எழுதி வெச்சிருந்தேன்."

தேயா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பக்கத்தப் படிக்க எவ்வளவு நேரமாகும்?"

"மூணு நிமிஷம்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு எழுந்து கோப்பைகளை எடுத்துப் போய்க் கழுவினாள். வாசலில் கை கொடுத்தாள், பூவுக்கு நன்றி சொன்னாள். நாட்குறிப்பு பக்கத்திலேயே மேசைமேல் இருந்தது. வுப்போ ஒருமுறை அதைப் பார்த்தார். அவள் அதைத் தொடவில்லை.

இங்கே தேதி குறிக்காமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அவருக்கு இப்போது உயிரோடு ஒரு சொந்தம் இருக்கிறது, பெயர், விலாசம் எல்லாம் தெரியும். போகத்தான் வழியில்லை.