எலிசாவின் உடும்பு

கோழித் தொழிற்சாலையில் எனக்கு எதிரே நிற்பவள் எலிசா. மன்னார்க்காரி. பதினெட்டு வருடமாக ஒரே வேலை: தொங்கி வருகிற கோழித் தொடையைப் பிடித்து, மூட்டில் குத்தி, திருகி, எலும்பை உருவி எறிவது. மூட்டு கழலும் அந்த 'டொக்' சத்தத்துக்குப் புதிதாக வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எங்கள் இருவருக்கும் அது காதிலேயே விழாது.

இவள் உடும்பு வளர்த்தாள் என்றால் யார் நம்புவார்கள்? பார்க் எக்ஸ்டென்ஷனில் அவள் வீட்டுக்கு மேலே இருந்த மாணவன், வீட்டைக் காலி செய்தபோது, பெப்ரவரிக் குளிரில் கண்ணாடிப் பெட்டியோடு படிக்கட்டில் விட்டுப்போன ஆபிரிக்க உடும்பு அது. பாவி! எலிசா தூக்கி வந்து துரை என்று பெயர் வைத்தாள்.

அவள் வளர்ந்த வீட்டில் செல்லப்பிள்ளையின் தட்டில் எலும்பில்லாத துண்டுதான் விழும். துரைக்கும் அதே கவனிப்பு. தொடை இறைச்சி, ஈரல், கொழுப்பு. ஒன்றரை வருடத்தில் அவன் வயிறு தரையில் இழுபட்டது. ஒருநாள் பின்னங்கால்கள் எழும்பவே இல்லை.

மிருக வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: நீங்கள்தான் இதைக் கொல்கிறீர்கள். ஈரல் முழுக்கக் கொழுப்பு, எலும்பில் சுண்ணாம்புச் சத்தே இல்லை. இனிமேல் வெறும் இறைச்சி கூடாது. சில்வண்டு, நத்தை, கல்சியப் பொடி தூவிய புழு, எப்போதாவது எலும்பு, தோலோடு முழுசாக ஒரு சுண்டெலி.

"எலும்பை எறிஞ்சு எறிஞ்சு, அவன்ர எலும்பையும் எறிஞ்சு போட்டனக்கா" என்று மெட்ரோவில் அழுதாள்.

அன்றிலிருந்து அவள் சமையலறை கொலைக்களம்தான். சில்வண்டுகளை உயிரோடு விடுவாள்; துரை துரத்தித் துரத்தி நொறுக்குவான். நத்தையை ஓட்டோடு கடித்து உடைப்பான். கடையில் உறைய வைத்து விற்கும் எலியை இளக்கிக் கொடுத்தால், செத்ததை மறுபடி கொல்வதுபோல் கண்ணாடியில் அடித்து அடித்து விழுங்குவான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எலிசா கை தட்டுவாள். எட்டு மாதத்தில் துரை வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பிறகு ஈஸ்டர் ஞாயிறு வந்தது. எலிசா என்னையும் விருந்துக்கு அழைத்திருந்தாள். கர்க்லாண்டிலிருந்து அவளுடைய தமையன் அருமைராசா சாப்பிட வந்தார்.

"பெருநாளும் அதுவுமாய் அதுக்குப் பூச்சியே குடுக்கிறாய்?"

"அண்ணை, இறைச்சி குடுக்காதேங்கோ. அது அவனுக்கு நஞ்சு."

"ஓம், ஓம்" என்றார். விருந்து வீட்டில் ஒரு வாய் பட்டினி கிடந்தால் பொறுக்காத மனிதர். அவள் அடுப்படிக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, பொரித்த பன்றிக் கொழுப்பை நீட்டினார். துரை கொழுப்போடு விரலையும் கவ்வினான்.

உடும்புப் பிடி என்று பேச்சுக்குச் சொல்வோம். அன்றுதான் கண்ணால் கண்டேன். அருமைராசா அலறிக்கொண்டு கையை உதறினார். துரை விடவில்லை. அவனைத் தூக்கி மேசை விளிம்பில் ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளை விரிப்பெல்லாம் இரத்தம். ஏதோ முறிந்தது. எனக்குப் பழகிய அதே 'டொக்'.

எலிசா அகப்பையோடு ஓடிவந்து தமையனின் முழங்கையில் போட்டாள் ஒரு போடு. மேசையில் இருந்த விஸ்கியை எடுத்துத் துரையின் வாய்க்குள் ஊற்றினாள். வாய் திறந்தது. விரல் நுனி தோலில் தொங்கியது.

"உனக்கு நான் பெரிசோ, இந்தச் சனியன் பெரிசோ?"

"சொன்னனான்தானே அண்ணை! சொன்னனான்தானே!" என்று அவள் கத்தியது தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அருமைராசாவின் விரலைத் தைத்தார்கள். துரையின் தாடை முறிந்திருந்தது. இரண்டு வாரத்தில் தானாகக் கடித்துத் தின்னாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவது நல்லது என்றார் வைத்தியர். எலிசா சில்வண்டுகளைக் கல்சியத்தோடு அரைத்து, ஊசிக் குழாயால் அவன் தொண்டைக்குள் தள்ளினாள். தினமும் வேலையில் அவள் முகத்தைப் பார்ப்பேன். தலையை ஆட்டுவாள், இல்லை என்று. எனக்கு அருமைராசாவைக் கொல்லலாம் போல் வந்தது.

பதின்மூன்றாம் நாள் வலது கையில் பெரிய கட்டோடு வந்தாள். கத்தி பிடிக்க முடியாது என்று மேற்பார்வையாளன் பிரெஞ்சில் கத்தினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணீர் வழிய என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கடிச்சுப்போட்டானக்கா! நத்தை குடுத்த கையை எலும்பு வரைக்கும் கடிச்சுப்போட்டான்!"