அத்தைக்குப் பிடித்த வீடு

ராசிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர்கள் மாப்பிள்ளையைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் மாரக்காள் அத்தையை அனுப்பி அவன் வீட்டைப் பார்த்துவரச் சொல்வார்கள். என் அப்பாவின் அக்காள் அவள். சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டார், பிள்ளையும் இல்லை. தறியும் வாயும்தான் அவள் சொத்து. போகிற வீட்டில் அடுக்களையை எட்டிப் பார்ப்பாள், அங்கே ஏற்கெனவே வாழ்கிற மருமகளின் முகத்தைப் பார்ப்பாள். பிடிக்காவிட்டால் கை நனைக்க மாட்டாள். சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. தறிக்குழியில் இறங்க முடியவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏஞ்சாமி கொழந்தவேலு, உன்ற ஊட்டுல சும்மா ஒக்காந்து திங்க எனக்குப் புடிக்கல. சேலம் அஸ்தம்பட்டியில நூல் யாவாரிங்க வயசானவங்களுக்கு ஒரு விடுதி கட்டியிருக்காங்களாமே, அங்க போறேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அத்தை விடுதிக்குப் போவதா? ஊர் என் முகத்தில் காறித் துப்பாதா?

"மொதல்ல ஊடு பார்க்கலாம் வா. புடிக்கலீன்னா உன்ற கூடவே திரும்பி வந்தர்றேன்" என்றாள். அவளுக்குப் பிடிக்கவே கூடாது என்று நான் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓடிய கரி பஸ் எங்களை முகமெல்லாம் புகையடித்துச் சேலத்தில் இறக்கிவிட்டது. விடுதி மேலாளர் செல்லமுத்து, வெள்ளையடித்த சுவரையும் வரிசையாக விரித்த பாய்களையும் பெருமையோடு காட்டினார். குடிக்க மோர் நீட்டினார். "இருக்கட்டுங்க" என்று அத்தை மறுத்துவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மத்தியானம் கிழவிகள் பந்தியில் உட்கார்ந்தார்கள். களியும் கீரைக் கடைசலும். ராசம்மாள் என்கிற கிழவி ஒரு வாய் வைத்தவுடன் கூடமே அதிரக் கத்தினாள்.

"அடியே கந்தம்மா, உப்புச்சட்டி ஒடஞ்சு போச்சா?"

"உன்ற நாக்குதான் மரத்துப் போச்சு!" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. பின்னாலேயே சமையல்காரி கந்தம்மாளும் உப்போடு வந்தாள். முணுமுணுத்துக்கொண்டே இலையில் உப்பு வைத்தாள், கேட்காமலேயே ஒரு துண்டு ஊறுகாயும் வைத்துவிட்டுப் போனாள்.

செல்லமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. "எப்பவும் இப்படி இல்லீங்க" என்று கையைப் பிசைந்தார். அத்தையோ என் காதருகே குனிந்தாள்.

"பயமில்லாமக் கத்துறா பாரு. உப்பில்லாமத் தின்னுட்டு வாயத் தொறக்காத மருமவளுங்கள நான் எத்தன ஊட்டுல பார்த்திருக்கறேன்!"

சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பசியும் எரிந்ததால் நானும் உட்கார்ந்தேன். களி நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய!

சாப்பிட்டு எழுந்த அத்தையின் கையை ராசம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஊடு பார்த்துட்ட. நாங்க பொண்ணு பார்க்க வேண்டாமா?"

கிழவிகள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தையைக் கிணற்றடி வரை நடக்கவிட்டுப் பார்த்தார்கள்.

"கொறட்ட உடுவியா?"

"உடுவேன்."

"கதை சொல்லுவியா?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஊரான் ஊட்டுக் கதைதான்."

"அதுதான் வேணும்!"

அத்தையை அந்தக் காலத்தில் சொந்த மாமன் மகனுக்கே கட்டிவைத்திருந்தார்கள். பெண் பார்க்க என்று அவளைத் தேடி யாருமே வந்ததில்லை. எந்த வீட்டிலும் தலை குனியாதவள், அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

ராசம்மாள் என் பக்கம் திரும்பினாள். "பொண்ணு புடிச்சிருக்குது தம்பி. எப்ப அனுப்பறீங்க?"

பெண் வீட்டுக்காரன் வேறென்ன சொல்வது? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வார வெள்ளிக்கெழம நல்ல நாளுங்க. நானே கூட்டியாறேன்."