நான் சொல்லாத பொய்

கண்காட்சி திறந்த அன்று காலை அக்காவின் கை ஒரு துடைப்பத்தை நோக்கி நீண்டதும், நான் அதைத் தடுத்ததும் இன்றும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், வெள்ளைச் சுவரில் பன்னிரண்டு துடைப்பங்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தோம். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அட்டை. அக்கா நான்காவது துடைப்பத்தின் அருகே போய், அதன் கழுத்தில் கட்டியிருந்த ஊதாத் துணியின் முடிச்சில் விரலை வைத்தார். "அக்கா, தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன், பார்வையாளர் எவரிடமும் சொல்லும் அதே மென்மையான குரலில். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் துப்புரவுப் பெண்களின் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அக்கா கையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அக்கா எங்கள் வளாகத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். நீலசந்திராவிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து, ஏழு மணிக்கெல்லாம் நூலகத்தின் படிகளைப் பெருக்கி முடித்திருப்பார். கணவர் இல்லை. பி.யூ.சி. முதலாண்டு, அதாவது பதினொன்றாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்த ஒரு மகள். அந்தப் பெண்ணின் படிப்பு இந்த வேலை ஒன்றையே நம்பி இருந்தது என்பதை அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பதால், கன்னடத்தில் தொடங்கும் எங்கள் பேச்சு இரண்டாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிடும்.

நான் முதுகலை முதலாண்டில் இருந்தபோது அக்காவும் அவரோடு வேலை செய்த பெண்களும் ஒரு காரியம் செய்தார்கள். கழிப்பறைகளின் சாவி சூப்பர்வைசரிடம் இருந்தது. கழுவும் நேரத்தில் கொடுப்பார், கழுவியதும் வாங்கிக்கொள்வார். தாங்கள் கழுவிய கழிப்பறையைத் தாங்களே பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு நாள் காலை பன்னிரண்டு பேரும் துடைப்பங்களை நூலகப் படிகளில் வரிசையாகக் கிடத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. மதியத்துக்குள் சாவி வந்துவிட்டது. உட்காரலாம் என்று முதலில் சொன்னவர் அக்காதான் என்பது அந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். யார் என்று கண்டுபிடிக்கச் சூப்பர்வைசர் பல வாரங்கள் முயன்று தோற்றிருந்தார்.

மறு ஆண்டு மகளிர் தினத்தை ஒட்டி, பெண்களின் போராட்டங்களைக் கொண்டாடும் ஒரு வாரத்தை எங்கள் துறை ஏற்பாடு செய்தது. சுவரொட்டிப் பட்டறை, துணி ஓவியப் பட்டறை, கண்காட்சி. உலகத்தின் போராட்டங்களையெல்லாம் சுவரில் ஒட்டிவிட்டு நம் படிக்கட்டில் நடந்ததை விடலாமா என்று நான் வாதிட்டேன். அதுவே என் முதுகலைத் திட்டப்பணியும் ஆயிற்று. மதியச் சாப்பாட்டு வேளையில் அவர்களோடு அமர்ந்து பேசினேன். அக்கா தன் நிபந்தனையை முதல் நாளே வைத்தார். "பேரு வேணாம், மொகம் வேணாம், கொரலு வேணாம். மிச்சம் இருக்கறத எடுத்துக்கோ." பக்கத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த இன்னொரு பெண், "மிச்சம் இன்னாடி இருக்குது? தொடப்பந்தான் இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கண்காட்சியின் வடிவம் அந்த நொடியில் எனக்குக் கிடைத்துவிட்டது.

தேய்ந்த துடைப்பங்களைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொருவர் துடைப்பத்தின் கீழும் அவரவர் சொன்னதையே மாட்டினேன். மாற்றி மாட்டினால் அவர்களுடைய சொல்லுக்குத் துரோகம் என்று உண்மையாகவே நம்பினேன். அக்காவின் அட்டையில் இருந்தது இதுதான்: "கழுவறதுக்குச் சாவி குடுப்பாங்க. போறதுக்குக் குடுக்க மாட்டாங்க. அதான் உக்காரலாம்னு சொன்னேன்." பெயரும் படமும் இல்லாததால் பாதுகாப்பானது என்று திட்டப்பணியை வழிநடத்திய பேராசிரியரும் ஒப்புக்கொண்டார்.

எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அவர்களை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக் கம்பெனி கொடுக்கும் துடைப்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒருவர் கைக்குப் பழகியது இன்னொருவர் கைக்குப் போனால் இடுப்பு விட்டுப்போகும். அதனால் ஒவ்வொருவரும் தன் பழைய சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிவைப்பார்கள். பச்சை இன்னார், சிவப்பு இன்னார், மஞ்சள் கரை போட்ட ஊதா அக்கா. சாமான் அறைக்குள் துடைப்பங்களை எண்ணி வைக்கும் சூப்பர்வைசருக்கு அவை பன்னிரண்டு பெயர்கள். துணி ஓவியம் கற்பிக்க வந்த கலைஞர் அந்த வண்ணங்களைப் பார்த்து வியந்தார். நானும் அவற்றை அலங்காரம் என்றே எடுத்துக்கொண்டேன். மாட்டும் நாளில் அந்தப் பெண்களில் ஒருவரையாவது கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். திறப்பு விழாவுக்கு மட்டுமே கூப்பிட்டோம், விருந்தினர்களாக.

இரண்டு நாள் கழித்து என்னை நிர்வாக அலுவலகத்துக்கு அழைத்தார்கள். கம்பெனியின் அதிகாரி, சூப்பர்வைசர், எங்கள் பேராசிரியர், ஓரத்தில் அக்கா. நாற்காலி இருந்தும் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் நுழையும்போது அவர் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: துடைப்பம் தன்னுடையதுதான், ஆனால் எந்த அட்டையை எதற்குக் கீழே மாட்டினார்களோ தனக்குத் தெரியாது, தான் அப்படியெல்லாம் பேசவில்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதிகாரி என்னிடம் கேட்டார், அட்டைகளும் துடைப்பங்களும் பொருத்தித்தான் மாட்டப்பட்டனவா என்று.

அந்தச் சில வினாடிகளில் நான் என்னென்ன யோசித்தேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. மாறிப்போயிற்று என்றால் மொத்தக் கண்காட்சியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். என் திட்டப்பணி நிற்காது. தவிரவும் அது பொய். ஆகவே நிமிர்ந்து நின்று, "பேசியவர் யார் என்பதை வெளியிட எனக்கு உரிமை இல்லை" என்றேன். அறம் தவறாத பதில் என்று அப்போது உள்ளூரப் பெருமைகூடப் பட்டேன். அதிகாரி தலையசைத்தார். அட்டை மாறவில்லை என்பதற்கு அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அக்கா தரையைப் பார்த்தார்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. கடிதம் எழுதினோம், கையெழுத்து வாங்கினோம், துணைவேந்தரைப் பார்த்தோம். கம்பெனியின் உள்விவகாரம் என்றார்கள். மற்றப் பெண்கள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். என் திட்டப்பணிக்கு மிக நல்ல மதிப்பெண் கிடைத்தது.

ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது நான் தொழிலாளர் உரிமைக்கான ஓர் அமைப்பில் வேலை செய்கிறேன். இந்த ஆண்டு அதே கண்காட்சியை மீண்டும் வைக்க வேண்டும் என்று துறையிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறையாவது கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று அக்கா குடியிருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு நகரத்தின் விளிம்பிலுள்ள சந்தாபுராவுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. அக்காவுக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. மகள் எங்கே என்று கேட்டேன். "ஹெப்பகோடில ஒரு கம்பெனில வேல. பஸ்ட் ஷிப்டு" என்றார். படிப்பு அந்த வருஷத்தோடு நின்றுவிட்டதென்று அவரே சொன்னார்.

மன்னிப்புக் கேட்டேன். துணியை அலங்காரம் என்று நினைத்ததைச் சொன்னேன். அக்கா கையை அசைத்து அதை ஒதுக்கினார். "அது உனக்குத் தெரியாது, வுடு. ஆனா அந்த ரூம்புல நான் தான் வழி எடுத்துக் குடுத்தனே கண்ணு. எந்த அட்டையோன்னு. ஆமா, மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன் என்றேன். என் காதுக்கே அது சிறுபிள்ளைத்தனமாக ஒலித்தது.

"இம்மாம் படிச்சிருக்க, ஒரு பொய்யி சொல்ல வரல உனக்கு" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பெயரைப் போடலாமா என்று கேட்டேன். அக்கா சொன்னார்: "அப்ப பேரு போடாமலே ஆளு யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. இப்ப பேரு போட்டாலும் அங்க யாருக்குத் தெரியப்போவுது? போட்டுக்கோ."

போட்டார்கள், பெரிய எழுத்தில். அட்டையின் அடியில் நான் சேர்த்திருந்த வரிகளை மட்டும் எடுத்துவிட்டார்கள். இது கொண்டாட்ட வாரம், அந்தத் தொனிக்கு இவை பொருந்தவில்லை என்று ஒரு மாணவி மிகுந்த மரியாதையோடு விளக்கினாள். அவளைக் கோபிக்க எனக்குத் தகுதி இல்லை. அந்தச் சுவரில் இடம் கிடைக்காதவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

இதைச் சொன்ன பெண் இதற்காக வேலை இழந்தார். அவருடைய மகள் படிப்பை இழந்தாள். அட்டை மாறிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.