தேவதைப் பாஷையில் குள்ளருக்கு இரண்டு சொல்

...அந்த இரும்புக் கறள் மணத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க ஏலாது, கேளுங்கோ. லிங்கநகரில் எங்கள் ஒழுங்கைக்குள் பின்னேரம் அந்த மணம் வந்தால் ராசா மாமா வேலை முடிந்து வருகிறார் என்று அர்த்தம்.

ராசா மாமா என் சிநேகிதி ரஞ்சியின் அப்பா. கட்டையான மனிதர், என் அம்மாவின் தோள் உயரம்தான் இருப்பார். துறைமுகத்தில் கப்பல்களின் தண்ணீர்த் தாங்கிகளுக்குள் இறங்கிக் கறள் தட்டுவது அவர் வேலை. தாங்கியின் வாய் சின்னது, பெரிய உடம்புக்காரர் நுழைய முடியாது. தலைமயிர், இமை எல்லாம் செங்கல் நிறத்தில் வருவார்.

நேற்று என் பெறாமகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, தேவதையள் கதைக்கிற பாஷை எண்டு ஒண்டை ஆரோ உருவாக்கி வச்சிருக்கினம். அதில குள்ளருக்கு எத்தினை சொல் பாருங்கோ! ஒண்டு மரியாதைக்கு, ஒண்டு நக்கலுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை நாங்கள் ஐந்தாம் வகுப்பிலேயே செய்துவிட்டோமே!

பள்ளிக்கூடத்தில் அட்டை கிழிந்த படப் புத்தகம் ஒன்று இருந்தது. காட்டுக்குள் தேவதைகள், மலைக்குள் சுத்தியலோடு குள்ளர்கள். நானும் ரஞ்சியும் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் அந்தத் தேவதைகளுக்கு ஒரு பாஷை கட்டினோம். நிலவு, மான், மழை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சொல். குள்ளருக்கு மட்டும் இரண்டு. முகத்துக்கு முன்னால் 'லுரேயர்'. அவர்கள் இல்லாத இடத்தில் 'டிமுக்கு'.

உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் அந்தப் பாஷை தெரியும்... அதில்தான் வினை வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளையார் கோயில். மணிக்கயிற்றை யாரோ சுருட்டி உயரத்தில் முடிந்துவிட்டிருந்தார்கள். மாமா குதிக்காலைத் தூக்கி எம்பி எம்பிப் பார்க்கிறார். நான் ரஞ்சியின் காதுக்குள் "டிமுக்கு" என்றேன். சாமிக்கு முன்னால், பிள்ளையாரே மன்னிக்க வேணும்!

பக்கத்தில் நின்ற ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்... கையில் இருந்த பிரசாதக் கடலையைத் திரும்ப வாழையிலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. வகுப்பில் நாங்கள் சேர்ந்து இருக்கிற வாங்கின் நடுவில் புத்தகப் பையை வைத்தாள். நான் தேங்காய் நேர்ந்தேன், தோப்புக்கரணம் போட்டேன். பிள்ளையார் அசையவில்லை. கடைசியில் அவள் வீட்டுக்கே போனேன்.

மாமா கிணற்றடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையால் கை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, ரெண்டு பேருக்கும் கோபமோ?"

"நான் உங்களை டிமுக்கு எண்டு சொன்னனான், மாமா."

அழுது அழுது அர்த்தத்தையும் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் பூருற ஓட்டைக்குள்ள உன்ர அப்பரைப் பூரச் சொல்லு பாப்பம்!"

குசினிக்குள் இருந்து ரஞ்சியின் குரல்: "அப்பா, அவளோட கதையாதேங்கோ!"

"நீ வெளியில வா. உங்கட பாஷையில எனக்கு நல்ல சொல் ஒண்டும் இல்லையோ?"

வாசலுக்கு வந்தாள். "கிடக்கு. அவள் சொல்லட்டும்."

"லுரேயர்," என்றேன்.

"கும்பிட்டுச் சொல்லு."

கும்பிட்டுச் சொன்னேன்.

அடுத்த நாள் வாங்கின் நடுவில் பை இல்லை. கொப்பியில் மற்றச் சொல்லை, தாள் கிழியும்வரை பேனையால் வெட்டியிருந்தாள்.

மாமா இப்போது இல்லை. ரஞ்சி கனடாவில் இருந்து காலை வணக்கப் படம் அனுப்புகிறாள். பெறாமகளின் பாஷைக்கு அகராதி இருக்கிறதாம், ஊர் உலகமெல்லாம் ஆட்கள் கதைக்கிறார்களாம். எங்களுடையதில் நிலவுக்கு என்ன சொல், மானுக்கு என்ன சொல்... ஒன்றும் நினைவில்லை. லுரேயர் மட்டும் மிச்சம்.

அட... இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. மாமா கோயிலில் மணி அடிக்கிற ஆளே இல்லை, ஒரு மூலையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு, "மாமா, எனக்கு எட்டுதில்லை, நீங்கள் அடிச்சு விடுங்கோ" என்று கேட்டது நான்தான்.